வண்டியை நிறுத்தச் சொல்லாதவர்

கதூங்கே தரையில் மண்டியிட்டு, அப்பாவின் கான்வாஸ் ஷூவிலிருந்து நாடாவை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டாள். அப்படியும் கால் நுழையவில்லை. நேற்றுச் சாயங்காலம் நுழைந்த கால்தான். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. மனசுக்குள் எட்டு எண்ணியும் அந்தக் குழி நிரம்பவில்லை.

"விடும்மா, பின்னாடி மிதிச்சுப் போட்டுக்கறேன்" என்றார் முசெம்பி. "வெளியில வண்டி உறுமுது. ஆளுங்களைக் காக்க வைக்கக் கூடாது."

"இந்தத் தடவை நாமதாம்ப்பா விருந்தாளி. காத்திருக்கட்டும்."

"விருந்தாளிக்காக வெயில் ஏறாம நிக்குமா? கிளம்பு."

பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவர் அவர். நைவாஷா ஏரி, மலைக்காடு, மலிந்திக் கடற்கரை என்று கென்யாவில் அவருடைய டயர் படாத பாதை குறைவு. ஆனால் போய்ச் சேர்ந்ததும் வழிகாட்டி முன்னால் நடப்பார், வெள்ளைக்கார விருந்தாளிகள் பூனைபோலப் பின்னால் போவார்கள், முசெம்பி வண்டியோடு நின்றுவிடுவார். சாப்பாட்டுக் கூடையைக் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. திரும்பி வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் சொல்வார்கள். கதவைத் திறந்துவிட்டபடியே, "அப்படியா, சந்தோஷம்" என்பார். கேட்டுக் கேட்டே நானூறு பறவைகளுக்குப் பெயர் தெரியும். கண்ணால் பார்த்தது, வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து கண்ணாடியைக் கொத்துகிறவற்றை மட்டும்.

எமாலியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த கதூங்கே, டிசம்பர் லீவில் அவரை ஆறு நாள் சுற்றுலாவுக்குக் கூட்டி வந்திருந்தாள். இதயம் வீங்கிப்போனவர். டாக்டர் சரி என்றுதான் சொன்னார்: உப்பு குறைவாக, மேடு ஏறாமல், நீர் பிரிகிற மாத்திரை தினமும் காலையில் தவறாமல். மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் கியாலோதான் போனில் கத்தினான். "அவர் இருக்கற இருப்புல காட்டுக்கா கூட்டிட்டுப் போவ? வேணாம், சொன்னாக் கேளு." ஏன் என்று கேட்டதற்கு, "வேணாம்னா வேணாம்" என்று வைத்துவிட்டான்.

இன்று ஆறாவது நாள். ஏரி முடிந்துவிட்டது. காலையில் சொகோக்கே காடு, மதியம் மிடா கடலோடை, அதோடு வீட்டுக்கு. இன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரைக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தாள்.

வண்டியில் பின்னால் உட்கார அவருக்கு இன்னும் பழகவில்லை. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. டிரைவர் சாரோ கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"முஸே, பெரியவரே, ஓட்டை போட்டுடாதீங்க. கீழே தகரம் மெலிசு."

"நீ கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டறத விட்டா நான் ஏன்டா மிதிக்கப்போறேன்?"

முன்சீட்டில் இருந்த வழிகாட்டி கரீசாவும் சிரித்தார். கதூங்கே சிரிக்கவில்லை. அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். நேற்று வாக்கியத்துக்குக் கடைசியில்தான் வாங்கினார்.

காட்டின் வாசலில் இறங்கியதும் அப்பாவுக்குத் தெரியாமல் கரீசாவிடம் கேட்டாள். "இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"மலிந்திக்கு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். ஏன் தங்கச்சி? முஸேக்கு முடியலையா?"

"சும்மாதான் கேட்டேன்."

போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடு இருந்தது. பத்தடி உள்ளே போனதும் அதுவும் இல்லை.

முசெம்பி வண்டியின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்றார். பழக்கத்தில் சொன்னதா, முடியாமல் சொன்னதா என்று கதூங்கேவுக்குப் புரியவில்லை.

"வண்டிக்கு சாரோ இருக்கான். நீங்க வாங்க முஸே" என்றார் கரீசா. "இருநூறு அடிதான். சமதரை."

சிவப்பு மண் பாதை. இரண்டு பக்கமும் முள்ளும் கொடியும் பின்னிய புதர். கரீசா ஒவ்வோர் இருபது அடிக்கும் எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல நின்றார். அப்பாவுக்காகத்தான் நிற்கிறார் என்று கதூங்கேவுக்குப் பிறகுதான் உறைத்தது. கடைசியில் அவர் குனிந்து, ஒரு கிளையை விலக்கி, விரலை நீட்டினார். அப்பா பைனாகுலரைத் தூக்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. முகத்துக்கு நேரே ஐந்தடி தூரத்தில், கையளவுகூட இல்லாத இரண்டு ஆந்தைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று சாம்பல் நிறம், மற்றது செங்கல் நிறம். செங்கல் நிறம் ஒரு கண்ணைப் பாதி திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அப்பாவின் நெஞ்சுக்குள்ளிருந்து கொதிக்கிற பானைபோல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இவ்ளோ சின்னதா?" என்றார் கிசுகிசுப்பாக. "ஒரு ஜெர்மன்காரம்மா இதைப் பாத்துட்டு வந்து... என் சட்டையில மூஞ்ச வச்சு அழுதுச்சு. கழுகு மாதிரி இருக்கும்போலன்னு... நான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

கரீசா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்பாவும் சிரிக்கப் போனார். சிரிப்பு இருமலாகியது, இருமல் நிற்கவில்லை.

வண்டிக்கு வந்து சேர அரைமணி ஆயிற்று. சாரோ பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி, மஹம்ரி ரொட்டியை எடுத்து வைத்திருந்தான். அப்பா வண்டிப் படியில் உட்கார்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றி, மீன்போல வாயைத் திறந்து மூடினார். உதட்டோரம் நுரை. கைக்குட்டை தேடி கதூங்கே அவர் சட்டைப் பைக்குள் விரலை விட்டாள். டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது.

பிரித்தாள். ஆறு வெள்ளை மாத்திரைகள். ஓரம் கரைந்து, காகிதத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்பா."

அவர் பார்த்தார். பார்வையைத் திருப்பி வண்டியின் டயரைப் பார்த்தார்.

"அப்பா, என்னப்பா இது? முழுங்கலையா? ஒரு நாள்கூட முழுங்கலையா?"

"அதப் போட்டா... அரைமணிக்கு ஒரு தடவை இறங்கணும்மா."

"இறங்கினா என்ன?"

"வண்டியை நிறுத்தச் சொல்லணும். நான் ஓட்டறப்போ... அப்படி நிறுத்தச் சொல்றவனையெல்லாம்... மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"முஸே, நான் உங்களத் திட்டுவேனா?" என்றான் சாரோ.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் கதூங்கே. "இப்பவே."

"கடலோடை பாக்கி இருக்கேம்மா."

"வேணாம்."

"கரீசா, இவ சின்னதுலேர்ந்தே... இப்படித்தான். காத்தடிச்சா கூரை பறந்துடும்னு..."

"ஏறுங்கப்பா!"

பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரல் அது. அப்பாவிடம் ஒருநாளும் பேசாத குரல். அவர் ஏறினார். கரீசா பின்னால் வந்து ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் போனில் கோடுகள் வந்தன. கரீசா ஆஸ்பத்திரிக்குப் பேசினார். சாரோ லாரியை முந்தினான், மஞ்சள் டுக்டுக் ஆட்டோக்களை முந்தினான். கதூங்கே எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். காற்று உள்ளே புகுந்து அப்பாவின் சட்டையை உப்ப வைத்தது, ஆனால் அவருக்குள் போகவில்லை. முகத்தின் கறுப்பு சாம்பல் பூத்ததுபோல மாறிக்கொண்டிருந்தது. கைகளைப் பிடித்தாள். வேர்வையில் வழுக்கின.

"சாரோ" என்றார் அப்பா.

"சொல்லுங்க முஸே."

"ஓரமா... நிறுத்துப்பா கொஞ்சம்."

வேகம் ஒரு கணம் தளர்ந்தது. சாரோ கண்ணாடியில் கதூங்கேவின் கண்களைத் தேடினான்.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். "இன்னும் எட்டு நிமிஷம். போங்க! அப்பா, எட்டே நிமிஷம். பொறுத்துக்கோங்க."

"இறங்கணும்மா."

"வண்டியிலேயே போங்கப்பா, பரவால்ல. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. போங்க சாரோ!"

சாரோ வேகத்தைக் கூட்டினான். அப்பா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நெற்றியை அவள் தோளில் வைத்துக்கொண்டார். முதல் பெட்ரோல் பங்க் கடந்தது, பள்ளிவாசல் கடந்தது. தேங்காய் ஏற்றிய தள்ளுவண்டி குறுக்கே வந்து, சாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்தில், தோளில் அடித்துக்கொண்டிருந்த சூடான மூச்சு எப்போது நின்றது என்று கதூங்கே கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடினார்கள். பிறகு எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். டாக்டர் சின்னப் பெண், கதூங்கேவிடம் படித்தவளாகக்கூட இருக்கலாம் என்பதுபோன்ற வயது. "வரும்போதே இல்லம்மா" என்று சொல்லி, கதூங்கேவின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மொம்பாசாவிலிருந்து கியாலோ மூன்று மணிக்கு வந்தான். வேலைக்குப் போடுகிற பச்சை மேல்சட்டையைக் கழற்றவேயில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாமர நிழலில் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கரீசாவும் சாரோவும் எழுந்து தள்ளிப் போனார்கள்.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் நாலு மணி நேரமாகக் காத்திருந்தாள். கொடுத்தேன் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மூடியிருந்த கையைத் திறந்து காகிதத்தை நீட்டினாள். கியாலோ பிரித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அடிக்குக் காத்திருக்கிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்கிட்ட வர்றப்பவும் இப்படித்தான்" என்றான் அவன். "பஸ் ஏறினா முழுங்க மாட்டார். வந்து இறங்கி, ரெண்டு நாள் சேத்துப் போட்டுக்குவார்."

கதூங்கே நிமிர்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தங்கச்சிகிட்ட சொல்லிடாதன்னார். தெரிஞ்சா வீட்டு வாசல் தாண்ட விடமாட்டா, பயந்தாங்கொள்ளின்னார்."

"அதனாலதான் போகாதன்னியா?"

கியாலோ காகிதத்தைப் பழையபடியே மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் வாயத் திறக்கச் சொல்லிப் பாத்திருப்பேனே."

"ம்."

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. ஒரு பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் துணி அலசினாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"வண்டியை நிறுத்தச் சொன்னார்."

"யாரு, அப்பாவா?"

"ஆமா."

"நிறுத்தினீங்களா?"

இல்லை என்று அவள் தலையை அசைத்தாள். கியாலோவின் கை அவள் பக்கம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பெஞ்சின் மேல் அவள் கைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது.

மறுநாள் விடியும்போதே பிணவண்டி எமாலிக்குக் கிளம்பியது. பின்னால் சாரோவின் வண்டி. சுற்றுலா நேற்றோடு முடிந்துவிட்டது, அடக்கத்துக்கு வாருங்கள் என்று கரீசாவை யாரும் கூப்பிடவுமில்லை. அவராகவே துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கதூங்கேவும் கியாலோவும் பின்னால், ஆளுக்கொரு ஜன்னலோரம். கிலிஃபி, மொம்பாசா, பிறகு மேற்கே நீளும் பெருஞ்சாலை. யாரும் ரேடியோவைப் போடச் சொல்லவில்லை. மரியாக்கனியில் ரொட்டி வாங்கினார்கள், ஒருவரும் பிரிக்கவில்லை.

வோய் தாண்டியதும் வறண்ட சமவெளி தொடங்கியது. செம்மண், முள்மரம், தூரத்தில் நீலமாக மலை. கியாலோ தூங்கிவிட்டிருந்தான். சாலைக்கு இடப்பக்கம், ஒரு பட்ட மரத்தின் உச்சியில், பெரிய பறவை ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

கரீசாவின் கை தானாக எழுந்து, ஒரு விரல் கண்ணாடியை நோக்கி நீண்டது. வாயும் திறந்துவிட்டது. பாதியில் நின்று, கை கீழே வந்து, முழங்காலின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

கதூங்கே அந்தப் பறவையை முன்பே பார்த்திருந்தாள். ஜன்னலோடு முகத்தைத் திருப்பி, மரம் சின்னதாகி, பறவை புள்ளியாகி, எது மரம் எது பறவை என்று தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.