ம் கொட்டும் மனுஷன்

என் வீட்டுக்காரர் ராம்பிரசாத்துக்குத் தெரிந்த ஒரே பதில் 'ம்'. சாப்பிட வாங்க என்றால் ம். உங்கம்மாவுக்கு முட்டி வலியாம் என்றாலும் ம். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வேலை மாற்றல் வந்திருப்பதைக்கூட அடுத்த வீட்டுக்காரி சொல்லி, நான் கேட்டு, இவர் ம் கொட்டித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஔந்த் என்ற பகுதியில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு படியிறங்கினால் இந்தி, கடைக்குப் போனால் மராத்தி. வீட்டுக்குள் தமிழ் பேச நான் ஒருத்தி. ம் கொட்ட அவர்.

எனக்கு வலது காது சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டது. இத்தனை வருஷமும் இடது காதை வைத்துக்கொண்டுதான் குப்பை கொட்டினேன். இப்போது அதற்குள் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் காதும் கேட்காது, இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் இந்தியில் சொன்னார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் ம் தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பார்த்தா என் பிறந்தநாள் வந்து தொலைய வேண்டும்? பெங்களூரில் படிக்கிற மகள் ப்ரீத்தி போனில், "பயப்படாதம்மா. அதுக்கப்புறம் நாம எல்லாத்தையும் டைப் பண்ணிக்கலாம், ஓகேவா?" என்றாள். என்ன ஓகே? பெற்ற பெண்ணின் குரலை டைப் பண்ணிக் கேட்க முடியுமா? சரி சரி என்று போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

வெளியே வந்தால் இந்த மனுஷன் கதவோரம் நிற்கிறார். "இன்னைக்குப் பாட்டுக் கச்சேரி. நாளைக்கு சினிமா. கெளம்பு," என்றார்.

காது இருக்கும்போதே அதை நிரப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார், பாவம். ஆனால் எனக்கா பாட்டு வேண்டும்? இவர் குரல் வேண்டும். திங்கட்கிழமைக்குப் பிறகு படுத்துக்கொண்டு நினைத்துப் பார்க்க, இவர் என்னிடம் ஆசையாகப் பேசியது என்று ஒரு வாக்கியம் கையில் இல்லை. அதை வாய்விட்டுக் கேட்கவோ ரோஷம் விடவில்லை.

விமான் நகரில் ஒரு ஹோட்டலில்தான் கச்சேரி. இவர் பிடித்து வைத்திருந்த மேஜை ஸ்பீக்கருக்குக் கீழே. கிடார்காரப் பையன்கள் கத்திய கத்தில் மேஜையிலிருந்த தண்ணீர் ஆடியது. பிறகு ஒருவன் மைக்கில், "ஹேப்பி பர்த்டே கோடாய் ஜி!" என்றான். கோடாயாம்! மொத்த ஹோட்டலும் கை தட்டியது.

"என் பேரு கோதைன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்களேன்," என்று இவர் தோளை இடித்தேன்.

"ம்," என்றார். எழுந்திருக்கவில்லை. எப்படிச் சொல்வார்? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு 'இந்தா' என்றுதானே பெயர்.

மறுநாள் மத்தியானம் சினிமா. சும்மா சொல்லக் கூடாது, நானும் ஆசையாகத்தான் போனேன். தியேட்டரில் உட்கார்ந்து தமிழ் கேட்கப்போகிறேன், இனிமேல் கிடையாது என்று பட்டுப்புடவை வேறு. திரையில் நம்ம பக்கத்து வயல், நம்ம பக்கத்து மீசை. மீசைக்காரன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தான். "அரே பாயி!" என்றான்.

இந்தி டப்பிங். புனேயில் தமிழ்ப் படம் வந்தால் முக்கால்வாசிக் காட்சி இந்தியில்தான் ஓடும், தமிழா என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். வந்த முதல் மாதமே தெரிந்துகொண்ட விஷயம் அது.

"என்னங்க இது? பாத்து எடுக்கறதில்லீங்களா?"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ம்..." என்றார். திரை வெளிச்சத்தில் அவர் முகம் செத்துப்போய்க் கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேலா என்மேலா, தெரியவில்லை. இடைவேளையில், "போதும், வீட்டுக்குப் போலாங்க," என்று எழுந்துவிட்டேன்.

காரில் ஏறினோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சிவாஜிநகர் தாண்டியதும் ஏதோ தோன்றி அவர் பக்கம் திரும்பினேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடி பேசுகிறார்! உதடு முதலில் குவிந்தது. கோ. கோதை. என் பெயர். அதற்குப் பிறகும் நிறைய, நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார்.

மழைச் சத்தத்தில் எனக்கு ஒரு எழுத்துக் கேட்கவில்லை. ஸ்டியரிங் வலது பக்கம், நான் இடது பக்கம். அவருக்கு நேராக இருந்தது என் செத்த காது.

"என்ன சொன்னீங்க?"

திடுக்கிட்டார். "ஒண்ணுமில்ல."

"பேசினீங்க. நான் பாத்தேன்."

"சும்மா."

"அந்தக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுதானே பேசினீங்க?"

ரோட்டையே பார்த்துக்கொண்டு கியரை மாற்றினார்.

"நிறுத்துங்க காரை!" என்று கத்தினேன். "நாளைக்கு எத்தன பேசினாலும் எனக்குக் கேக்காதுங்க. இந்தப் பக்கம் வந்து இந்தக் காதுல சொல்லுங்க. திட்டோணும்னாலும் திட்டுங்க, பரவால்ல!"

ஓரங்கட்டி நிறுத்தினார். மழையில் இறங்கி, காரைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. குனிந்து என் இடது காதில் வாயை வைத்தார். மூச்சு சுட்டது.

"கோதை," என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். பிறகு வந்தது அழுகை. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அழுது நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. நிறுத்திவிடப் போகிறாரே என்றுதான் பயமாக இருந்தது. அவர் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ம்," என்றேன்.

அவர் அழுதார்.

"ம்," என்றேன். "ம்."