கால் வைக்கக் கூடாத இடம்

இப்போது சொல்லிவிட்டால் சிரித்து முடித்துவிடுவார்கள், கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள், அப்புறம் யாராவது பாட்டுப் போடுவார்கள், அதோடு போயிற்று... எனக்கு நீச்சல் தெரியாது, இவ்வளவுதான், மூன்று வார்த்தை, வாயைத் திறந்தால் வந்துவிடும், ஆனால் திலீப் வாயைத் திறக்கவில்லை, ஸ்பீடு போட்டின் ஓரத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் மனைவி மோகனப்ரியா, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் கழுத்து புதைந்து, காற்றில் வாய் நிறைய முடி. அவள் ஜாக்கெட்டில் க்ளிப் எல்லாம் ஒழுங்காக இருந்தன, அவனுடையதில் ஒன்றுகூட இல்லை. படகுத்துறையில் ஜாக்கெட் கொடுத்த சாலமோன், போர்ட் பிளேயரில் பிறந்த தமிழன், படகில் கூட வருகிறவனும் தண்ணீருக்குள் கூட்டிப் போகிறவனும் அவன்தான், கடைசி ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "க்ளிப் எல்லாம் போயிருக்கு, இருங்கண்ணா, கயிறு போட்டுக் கட்டித் தர்றேன்" என்றான். மோகனாவின் முதலாளி மனோகரன் படகிலிருந்தே கத்தினார். "யோவ், நம்ம மாப்ள காசிமேடுய்யா! அவருக்கு இன்னாத்துக்குக் கயிறு? மீனுக்கு எவனாவது ஜாக்கெட் மாட்டுவானா?" எல்லோரும் சிரித்தார்கள், திலீப்பும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அந்தப் பாழாய்ப்போன ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கயிறு வேண்டாம் என்று கையை வேறு ஆட்டினான். ஏன் ஆட்டினான்? யார் அவனை ஆட்டச் சொன்னது?

பஸ்ஸாக இருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி பர்ஸை மறந்துவிட்டேன் என்று கழன்றுகொள்ளலாம், கல்யாண வீடாக இருந்தால் சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே போய் அப்படியே ராயபுரம் பாலம் ஏறிவிடலாம், படகில் எங்கே இறங்குவது, இறங்கினால் அதேதானே... வெயில் கண்ணைக் குத்தியது. இந்நேரம் அவன் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிப்ட், டார்ச் அடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், சீல் ஒழுங்காக இருந்தால் போதும். அவன் வீடு திரும்பும்போது மோகனா தலை சீவிக்கொண்டிருப்பாள், அவள் திரும்பும்போது அவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், வாசற்படியில் உரசிக்கொண்டு போகிற குடித்தனம். இந்த அந்தமான் பயணம் வண்ணாரப்பேட்டை ஜவுளி மொத்தக் கடைக்கு இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக மனோகரன் தன் ஊழியர்களுக்குச் செய்தது, கணவன் மனைவியாக வரலாம் என்றார், மோகனா குதித்தாள், "மாமா, மூணு நாளு பகல்ல உன் மூஞ்சிய பாக்கப் போறேன்" என்றாள், எப்படி வரமாட்டேன் என்பது. தீவு, பவளம், கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதந்து மீன் பார்ப்பது... இதெல்லாம் விமானம் ஏறிய பிறகுதான் காதில் விழுந்தது.

நீச்சல் தெரியாது என்பதில் அவமானம் ஒன்றுமில்லை, அவன் அப்பா பொன்ராஜுக்கும் தெரியாது. முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். கேட்டால் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொல்லுவார், "கரையே தெரியாத எடத்துல வுழுந்தா நீச்சல் தெரிஞ்சவன் சாயங்காலம் சாவான், தெரியாதவன் காலைலயே சாவான், அவ்ளோதான்டா வித்தியாசம்." அவர் கூடப் போன ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, காசிமேட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, ஆனால் காசிமேட்டைத் தாண்டினால் ஒருவனுக்கும் தெரியாது, காசிமேடு என்றதும் பிறக்கும்போதே துடுப்போடு பிறந்தவன் மாதிரிப் பார்ப்பார்கள். சித்தப்பா கடலோடு போனதிலிருந்து அம்மா கன்னியம்மா அவனை அலையில் கால் நனைக்கவிட்டதில்லை, படி, படி என்று தள்ளினாள், அவன் அதையும் மூன்றாம் வருஷத்தில் பாதியில் விட்டான், அது வேறு கதை. ராயபுரத்துத் தடுப்புக் கல்லிலிருந்து கூட்டாளி உசேனும் மற்றவர்களும் கடலில் குதிக்கும்போது அத்தனை பேர் சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு மேலே நின்றவன் திலீப். சட்டை பிடிக்கிறவன். ஒரு சட்டையைக்கூடக் காற்றில் விட்டதில்லை, அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"மோகனாக்கா, அந்த வெள்ளத்துக் கதைய சொல்லேன், இவரு கேட்டதே இல்லயாம்" என்றாள் ரேகா, கடையில் பில் போடுகிற பெண், கூட வேலை பார்க்கிற ஜோதிகாவின் புருஷனைக் காட்டி. ஐயோ, இப்போதா... மோகனாவுக்கு அது போதும், எத்தனை தபா சொன்னாலும் அவளுக்கு அலுக்காது. புயல் வந்து புளியந்தோப்பு முழுகிக் கிடந்தது, கரண்ட் இல்லை, அக்கா குழந்தைக்குப் பால் இல்லை, நான் சும்மா இவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன்பா, அப்போ லவ்வுகூட இல்ல, ஷேர் ஆட்டோல பாத்துக்குவோம், அவ்ளோதான்... "பொழுது சாயுது, ரெண்டாவது மாடிலேந்து எட்டிப் பாக்குறேன், கறுப்புத் தண்ணி, அதுல ஒரு தல மட்டும் வந்துகினு கீது! ரெண்டு கையும் இப்டி விரிச்சிக்கினு, பால் பாக்கெட்ட தலமேல கட்டிக்கினு, கழுத்துல ஒரு பிளாஸ்டிக் கொடத்தத் தொங்கவுட்டுக்கினு, நீஞ்சிக்கினு வராரு! மெர்சலாயிட்டேன்." ஜோதிகாவின் புருஷன் திலீப்பைத் திரும்பிப் பார்த்தான், அந்தப் பார்வை திலீப்புக்குப் பழக்கம், கல்யாணத்தன்றைக்கு மாமனார் பார்த்த அதே பார்வை. படிப்பை முடிக்காதவன், ராத்திரி வேலைக்குப் போகிறவன், இவனுக்கா பெண் என்று குதித்த மனுஷன் அந்த நீச்சலை வைத்துத்தான் இறங்கி வந்தார், "உசுரக் கையில புடிச்சிக்கினு வந்தவன், வுட்டுட்டுப் போவ மாட்டான்" என்றார். கல்யாணமே அந்த நீச்சல்மேல் நிற்கிறது.

நீச்சலாவது மண்ணாவது. அவன் நடந்து வந்தான். ரோட்டின் நடுவே இருந்த சென்டர் மீடியன்மேல் ஏறி, கால் கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவித் தடவி, தண்ணீர் நெஞ்சுக்கு, சில இடத்தில் தாடைக்கு, பேலன்ஸ் போகாமல் இருக்கக் கையை விரித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று குடத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெரு நெடுக நடந்துதான் வந்தான். மீடியன் முடிந்த இடத்தில் முழுகிக் கிடந்த ஒரு லோடு ஆட்டோவின் மேல் ஏறி அங்கிருந்து குடியிருப்பின் படிக்கட்டுக்குத் தாவினான். செத்த எலி, செப்டிக் தண்ணீர், அவ்வளவு கலீஜ், கறுப்பு, தண்ணீருக்குக் கீழே ஒரு விரற்கடை தெரியாது, அவன் கால் எங்கே இருந்தது என்று அவனைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. மேலே ஏறியதும் அவள், "நீஞ்சியா வந்த?" என்றாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், தலையை ஆட்டினான். பொய் என்று சொல்ல முடியாது, வாயைத் திறக்கவே இல்லையே... ஒரு தலையாட்டல், அதற்கு மேல் எத்தனை பெட்டி அடுக்கியாயிற்று, இன்றைக்கு அடியில் இருப்பதை எடுப்பதென்றால் எவ்வளவு இறக்க வேண்டும். இப்போது சொல்லலாமா? இத்தனை பேர் முன்னாலா? அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் படகில் தனியாக எங்கே கூப்பிடுவது. நேற்று ராத்திரி சொல்லியிருக்கலாம், அவள் அவன் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

இன்ஜின் நின்றது. நின்றதும்தான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. தீவின் பச்சை ஒரு பக்கம், படகுக்கு அடியில் தண்ணீரே இல்லாத மாதிரித் தெளிவு, நங்கூரம் போய் மணலில் உட்காருவதும் அதைச் சுற்றி மீன் விலகுவதும் தெரிந்தது, காசிமேட்டில் டீசல் படலத்துக்குக் கீழே தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே நம்ப வேண்டியிருக்கும், இது என்னடா தண்ணீர், இதில் எதை மறைப்பது... சாலமோன் எல்லோருக்கும் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்துவிட்டு, பெரிய ரப்பர் டியூபைத் தண்ணீரில் தூக்கிப் போட்டான். "நீச்சல் தெரியாதவங்க எல்லாம் டியூபப் புடிச்சுக்கோங்க, நான் இழுத்துட்டுப் போறேன், மூச்சு வாயால. ஒண்ணு மட்டும் கேளுங்க, எங்கயும் காலை ஊணாதீங்க. கீழ இருக்கறது கல்லு இல்ல, பவளம், உயிர் இருக்கு, மிதிச்சா செத்துடும். படாம மிதங்க." ரேகா டியூபைப் பிடித்தாள், ஜோதிகா பிடித்தாள், அவள் புருஷன் இருப்பதிலேயே முதலில் பிடித்தான், என்ன கூச்சம், ஒன்றுமே இல்லை, பிடித்துவிட்டான், அவ்வளவு லேசாக. டியூபில் இன்னும் இடம் இருந்தது. திலீப் ஒரு காலை எடுத்து வைத்தான். "மோகனாக்கா, நீயும் வா" என்று ரேகா கூப்பிட்டாள். "எனக்கு இன்னாத்துக்குடி டியூபு? எங்க மாமா கீறாரு" என்றாள் மோகனா, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மனோகரன் தனக்கு சுகர் இருக்கிறது என்று படகிலேயே உட்கார்ந்து போனைத் தூக்கி, "மாப்ள, ஒரு டைவ் அடி, வீடியோ எடுக்கறேன்" என்றார். "ஏணிலயே எறங்கறேன் சார், ரொம்ப நாளாச்சி" என்றான் திலீப். வாய் திறந்தது, ஆனால் வந்தது இது.

அவள் முதலில் இறங்கினாள், அவன் பின்னால். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் ஜாக்கெட் அவனை விட்டுவிட்டுத் தனியாக மேலே போகப் பார்த்தது, காதுவரைக்கும் ஏறி முகத்தை மூடியது, ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்து, மறு கையால் ஏணியை, ஏணியை விடக் கூடாது, ஏணியை விட்டால்... டியூபைப் பிடித்தபடி ஏணிக்கு வந்து முட்டிய ஜோதிகாவின் புருஷன், "ப்ரோ, கொஞ்சம் நவுந்தீங்கன்னா" என்றான். விட்டான். ஒரு கணம் கீழே ஒன்றுமே இல்லை, வாயில் குழாய், மூக்கில் ரப்பர், மூச்சு எங்கே என்று தெரியவில்லை, காலைலயே சாவான், காலைலயே சாவான்... அப்புறம் கட்டைவிரலில் தட்டியது. விளிம்பு. கெட்டியான, சொரசொரப்பான விளிம்பு. கால் தானாகவே அதைத் தெரிந்துகொண்டது, தடவியது, ஏறியது, நின்றது. தண்ணீர் தாடைக்கு வந்து நின்றது. அவன் கையை இரண்டு பக்கமும் விரித்தான். குழாயில் காற்று வந்தது. படகிலிருந்து பார்த்தால் ஒரு தலையும் இரண்டு கையும்தான் தெரியும், அப்படியே இருந்துவிடலாம், படகு திரும்புகிற நாலு மணி வரைக்கும் இப்படியே நிற்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது... எல்லோரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார்கள். அவனும் வைத்தான்.

மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன், அதெல்லாம் இருந்தது. அவன் பார்த்தது தன் காலை. பகல் வெளிச்சம் போல் தெளிவான தண்ணீரில் வெள்ளையாக, ஊதிப்போன மாதிரிப் பெரிதாக, பழுப்புப் பவளத்தின்மேல் பத்து விரலும் கவ்விக்கொண்டு நிற்கிற இரண்டு கால். மிதித்த இடத்தில் முனை ஒடிந்து வெள்ளைத் தூள் மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே பார்வையை நிமிர்த்தினான். எதிரே கையெட்டும் தூரத்தில் மோகனா குப்புற மிதந்துகொண்டிருந்தாள், முடி நாலு பக்கமும் விரிந்திருந்தது, கண்ணாடிக்குள் அவள் கண். மீன் கூட்டம் ஒன்று அவள் மூக்குக்கு முன்னால் போயிற்று, அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் வாயிலும் குழாய். அவள் பார்த்தாள், அவன் அவள் பார்ப்பதைப் பார்த்தான், மூச்சுச் சத்தம் மட்டும் மண்டைக்குள் பெரிதாக...

"மோகனா!" மனோகரனின் குரல் தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்டது. "இன்னாம்மா, மாப்ள எறங்குன எடத்தவுட்டு நவுரவே மாட்றாரு? நீச்சல் மறந்துட்டாரா?" இதோ முடிந்தது. திலீப் தலையைத் தூக்கினான், அவன் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான், சத்தியமாக, குழாயை வாயிலிருந்து எடுக்கக் கை போயிற்று. அதற்குள் அவள் தன் குழாயை எடுத்துவிட்டாள். கையைத் துழாவி நகர்ந்து படகுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளாமலே, "நீஞ்சிக்கினுதான் கீறாரு சார்! எனக்கு மீன் காட்டிக்கினு கீறாரு!" என்று கத்தினாள். மனோகரன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடி முகத்தை உள்ளே வைத்தாள்.

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது. இப்போது கண்டுபிடித்தவள் குரல் அப்படி இருக்காது... ஒரு நாள் வாசலில் ஷூ மாட்டும்போது சொன்னாளே, என்ன சொன்னாள், சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்க தெரு மீடியன்மேல ஏறி கைய விரிச்சிக்கினு வீடு வரைக்கும் நடந்தே வருவோம் மாமா, கீழ கால் பட்டா அவுட்டு என்று. அவள் பிறந்து வளர்ந்த தெரு. மீடியன் எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று அவனைவிட அவளுக்குத் தெரியாதா? இரண்டாவது மாடியிலிருந்து அவள் பார்த்தது ஒரு தலை, விரித்த இரண்டு கை. பார்த்துவிட்டுத்தான் கேட்டாள், நீஞ்சியா வந்த? அவன் ஆட்டினான். அப்படியானால் அத்தனை தபா யாருக்குச் சொன்னாள்? அவள் அப்பாவுக்கா? ஒவ்வொரு தடவையும் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாளே, இவன் இன்றைக்காவது வாயைத் திறப்பானா என்றா? இனி திறந்தால் மனோகரன் முன்னால் பொய் சொன்னவள் அவள். அந்த மூன்று வார்த்தை இத்தனை நாள் அவனுடையதாக இருந்தது, இப்போது அதுவும் போயிற்று.

"அண்ணா, கால் படாமப் பாத்துக்கோங்க!" என்று சாலமோன் டியூபை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனான். யாரைச் சொன்னானோ. மோகனா கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தூள் இன்னும் வந்துகொண்டிருந்தது. திலீப் கையை விரித்தபடியே நின்றான், காலை எடுத்தால் எங்கே வைப்பது.