திராட்சைத் தோட்டத்தில் காலை ஷிப்டு

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருடைய மனைவியைக் கேட்டுப் பாருங்கள், இருபத்தைந்து வருடக் கதை சொல்வாள். கடல் பார்க்கப் போனார்கள். பதினோரு நிமிடம் பார்த்தார்கள். அருவிக்குப் போனார்கள், தலை நனைவதற்குள் திரும்பும் வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஆள் கெட்டவரில்லை. சிக்கனமும் நேரமும் அவருக்கு இரண்டு கண்கள். என்ன, மனைவி அந்த இரண்டு கண்ணிலும் படமாட்டாள். சொந்தக்காரர்கள் அவரை ‘அட்டவணை’ என்றே கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராக.

கல்யாணமான இருபத்தைந்தாவது வருடம், ஒயின் செய்கிற திராட்சைப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். ஒயின் மேல் அப்படியொன்றும் மோகமில்லை. பல் மருத்துவரிடம் பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை. வருகிறவர்களெல்லாம் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுப்பார்கள். இவள் மட்டும் நின்றுகொண்டு அடுத்தவர் வாய்க்குள் விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பாள். ஏதோ பத்திரிகையில், கொடிகளுக்கு நடுவே ஒரு பெண் கையில் கோப்பையோடு சும்மா உட்கார்ந்திருக்கிற படத்தைப் பார்த்தாள். அந்தச் ‘சும்மா’தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

“ஒரு விஷயம் சொல்லிடறேன்” என்றாள். “அங்க வந்தும் என்னைய ‘கிளம்பு, கிளம்பு’ன்னு விரட்டினீங்கன்னா, அதுக்கப்புறம் நான் எங்க போனாலும் தனியாத்தான் போவேன். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். யோசித்துச் சொன்னதால் பயந்தார். இத்தனை வருடம் இத்தனை அட்டவணை போட்டதே அவளோடு நாலு இடம் கூடுதலாகப் பார்க்கத்தான். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அசடு.

மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சனி ஞாயிறு என்றால் அறை வாடகை இரட்டிப்பு, ஆகவே செவ்வாய்க்கிழமை. கார் வேண்டாம், ஊர்ப் பேருந்து இருக்கிறது. ஒயின் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற வம்பும் இல்லை. தங்குவதற்கு அந்த ஊரில் ஒரு ரொட்டிக் கடையின் மாடி அறை. எந்தத் தோட்டத்திலும் ருசி பார்க்கிற ஒயினை ஒரு ஆளுக்கு மட்டும் வாங்கினால் போதும், இரண்டு பேரும் மாற்றி மாற்றி ருசிக்கலாம். ஒரே நாளில் ஐந்து தோட்டம் என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தை நினைத்து அதை மூன்றாக்கினார். பிறகு நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று என்று முடித்தார்.

அந்த ஒன்றைத் தேடும்போதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘பறிப்புக் காலம். ஒரு நாள். மதியச் சாப்பாடும் மாலையில் ஒயின் ருசியும் இலவசம்.’ கூடவே ஒரு படிவம். பெயர் என்ன, வயது என்ன, முதுகுவலி உண்டா, காலை ஷிப்டா மாலை ஷிப்டா என்று கேட்டிருந்தார்கள்.

வேறு யாராவது இருந்தால், சுற்றுலாவுக்கு எதற்கு ஷிப்டு என்று ஒரு நிமிடம் தலையைச் சொறிந்திருப்பார்கள். இவர் இருபத்தாறு வருடமாக ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஷிப்டு போட்டவர். உலகமே இரண்டு ஷிப்டில்தான் சுற்றுகிறது என்று நம்புகிறவர். முதுகுவலியைப் பற்றி விசாரித்ததில் மனம் குளிர்ந்தேபோனார். என்ன அக்கறை! ‘இல்லை’ என்று எழுதி, காலை ஷிப்டில் ‘இரண்டு பேர்’ என்று போட்டு அனுப்பினார்.

“எல்லாமே இலவசமா?” என்றான் மச்சினன். “எங்கயோ இடிக்குதே மாமா.”

“உனக்குக் கிடைக்கலேன்னு சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்ங்கற” என்று அவன் வாயை அடைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்து வாசலில் பேருந்து இறக்கிவிட்டது. மனைவி காலில் புதுச் செருப்பு, தலையில் அகலத் தொப்பி. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்த தோட்டக்கார அம்மா கையில் பட்டியலோடு வந்தார்.

“வாங்கண்ணா, வாங்கக்கா. காலை ஷிப்டு ரெண்டு பேரு நீங்கதானே?” என்றவர், ஆளுக்கொரு கத்தரியும் பிளாஸ்டிக் கூடையும் கொடுத்தார். “பன்னெண்டாவது வரிசை அண்ணாவுக்கு, பதிமூணு அக்காவுக்கு. காம்பை ஒட்டி வெட்டுங்க. விரல வெட்டிக்காதீங்க.”

அட்டவணைக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. வாயைத் திறந்து கத்தவும் முடியவில்லை.

“இது வந்து, ஒரு அனுபவம்” என்றார் மனைவியிடம். “அவனவன் காசு குடுத்து இதைச் செய்யறான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மனைவி கத்தரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, நம்மள இங்க வேலைக்குச் சேத்து விட்டிருக்கீங்களா?”

“ஷிப்டு எதுன்னு கேட்டிருந்தாங்க.”

“கேட்டா?”

“காலைன்னு போட்டேன்.”

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பேருந்து போன பாதையைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த பயணத்துக்கு இப்போதே தனியாகக் கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது அந்த நிற்பு. அதைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

“அம்மா, ரெண்டு வரிசையும் நானே முடிச்சுடறேன்” என்றார் தோட்டக்கார அம்மாவிடம். “இவங்களுக்கு ஒரு நாற்காலி மட்டும் கிடைக்குமா?”

“வரிசை முடிஞ்சாச் சரி, யாரு முடிச்சா எனக்கென்ன” என்று அவர் மர நிழலில் ஒரு பழைய சாய்வு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார்.

முதல் அரை மணி நேரத்திலேயே, முதுகுவலி இல்லை என்று எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிட்டது. கொடிக்கு மூன்று நிமிடம் என்று மனதுக்குள் அட்டவணை போட்டார். கொடிகள் அதைச் சட்டை செய்யவில்லை. கையெல்லாம் பிசுபிசுப்பு. காதைச் சுற்றி ஒரு குளவி, மேற்பார்வைக்கு வந்த மாதிரி. பக்கத்து வரிசைக்காரர்கள் இவரைத் தாண்டிப் போய், முடித்துத் திரும்பியும் வந்தார்கள். மனைவி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், காலை நீட்டினாள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வந்து பார்த்தபோது, ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவள் தன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை. அவள் பங்கு ரொட்டியை மூடி வைத்துவிட்டுப் பதின்மூன்றாவது வரிசைக்குப் போனார்.

இரண்டு வரிசையும் முடிய ஐந்து மணி ஆனது. கொட்டகையில் நீள மேசை போட்டு ஐந்து வகை ஒயின் வைத்திருந்தார்கள்.

“வாயில வச்சு நல்லாச் சுழட்டிட்டு இந்த வாளியில துப்பிடணும்” என்றார் தோட்டக்கார அம்மா. “அப்பதான் அடுத்ததோட ருசி தெரியும்.”

“கொப்பளிச்சுத் துப்புங்க, கொப்பளிச்சுத் துப்புங்கன்னு பத்தொம்பது வருஷமா ஊருக்கே சொல்லியாச்சு” என்றாள் மனைவி. “இன்னிக்கு நான் முழுங்கிக்கறேன்.”

மேசை முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்து ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் மறுநாள்தான். ஐந்து முப்பதுக்கு அவளுடைய மூன்றாவது கோப்பை பாதியில் இருந்தது. ‘கிளம்பு’ என்கிற சொல் தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஐந்து முப்பத்தைந்துக்குக் கால் தானாக வாசல் பக்கம் நகர்ந்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டார். ரொட்டிக் கடை மாடிக்குக் கொடுத்த வாடகை ஒரு பக்கம் நெஞ்சைப் பிராண்டியது. ஹாரன் கேட்டது, புழுதி எழுந்தது, அடங்கியது. வாழ்நாளில் அவர் தவறவிட்ட முதல் பேருந்து அது.

“பஸ்ஸு போயிடுச்சு” என்றாள் மனைவி, கோப்பையைப் பார்த்தபடியே.

“உனக்குத் தெரியுமா?”

“அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பதுன்னு நேத்துலேர்ந்து நாலு தடவ சொல்லிட்டீங்களே. எப்ப வாயத் திறப்பீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலயே.”

“சொல்லல” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். முதுகு வளைய மறுத்ததால் அவள் தோளைப் பிடித்துத்தான் அவரால் உட்கார முடிந்தது. மீதிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

“அடுத்த வருஷம் நாம எங்க போலாம்னு இப்பவே பாத்து வைங்க” என்றாள்.

‘நான்’ இல்லை, ‘நாம’. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க ஒரே மடக்கில் ஒயினை விழுங்கினார்.

“ஃபாரத்த மட்டும் நான் எழுதிக்கறேன்” என்றாள் அவள்.