கோரைக்கிழங்குத் தண்ணீர்

சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து ஆவி எழுகிறது, பால் சேர்க்காத கோப்பியின் நிறத்தில் இருக்கும் தண்ணீருக்குள் முதலில் பெருவிரல் இறங்குகிறது, பிறகு பாதம், பிறகு சூடு ஒரு பூனையைப் போலக் கணுக்காலைச் சுற்றிப் படுத்துக்கொள்கிறது, தமயந்தி நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடுகிறாள், ஈப்போவின் மாலை மழை பின்பக்கத் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, என்னா நாத்தம்மா இது, சாக்கடைல சாம்பிராணி போட்ட மாதிரி, என்று அடுப்படியிலிருந்து இந்திராணி அண்ணி கத்துகிறாள், கத்தினாலும் அந்த வேரையும் புல்லையும் கொதிக்கவைத்து, இறக்கி, சூடு பார்த்துக் கொண்டுவந்து வைத்தவள் அண்ணிதான்.

எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, நீச்சல் குளத்தின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுத்தரும் வேலை, அதில் எங்கோ ஒட்டிக்கொண்டது, வலது பாதத்தில் அரிசி அளவுக்கு ஒரு சொரசொரப்பு, அண்ணி அதைக் கால் ஆணி என்றாள், ஆஸ்பத்திரியில் மரு என்றார்கள், புகை கக்கும் குளிர்ந்த மருந்தை வைத்து உறையவைத்தார்கள், போனது, போன சுவடு ஆறுவதற்குள் பெருநாளுக்கு வரும் உறவுக்காரர்களைப் போலக் கூட்டமாகத் திரும்பி வந்தது, மருந்தகத்தில் வாங்கிய திராவகமும் தோற்றது, கடைசியில் தண்ணீரில் அணியும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு ஒளித்துவிட்டாள், வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் வருடங்கள் ஓடின, ஓடியிருக்கும், நாற்பத்தொரு வயதில் அந்தச் சம்பந்தம் வராமல் இருந்திருந்தால். பக்கத்து ஊரான மெங்லெம்புவில் டயர் கடை வைத்திருந்த குணாளன் பெண் பார்க்க வந்தார், தேநீர் குடித்து முடிக்கும்வரை அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றவில்லை, அவள் காலுறையைக் கழற்றவில்லை, ஆனாலும் பேச்சு எப்படியோ பிடித்துப் போயிற்று, எனக்கு நீந்தத் தெரியாதுங்க, தண்ணின்னா பயம், என்று அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

நாள் குறித்த பிறகுதான் சடங்குகள் நினைவுக்கு வந்தன. அம்மி மிதிக்கும்போது அவர் குனிவார், பாதத்தைக் கையில் ஏந்திக் கல்லில் வைப்பார், இரண்டாவது விரலில் மெட்டி போடுவார், அந்த விரலின் அடியில்தான் இருப்பதிலேயே பெரிய மரு உட்கார்ந்திருந்தது, வீடியோக்காரன் வேறு கிட்டே வந்து எடுப்பான், மண்டபத் திரையில் யானை அளவுக்குத் தெரியும். ஐயர்கிட்ட சொல்லி அத மட்டும் விட்டுடலாமா, என்றாள் அண்ணி, விடவே கூடாது அண்ணி, இவ்ளோ வருசம் காத்திருந்துட்டேன், எனக்கு எல்லாமே வேணும், ஒண்ணும் குறையக் கூடாது, என்று சொல்லும்போதே தமயந்திக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணி அடுப்பை அணைத்தாள், கார்ச் சாவியை எடுத்தாள், வா, ஃபூங் கடைக்குப் போவோம், என்றாள்.

பழைய நகரத்தில் இருந்தது அந்தச் சீன மருந்துக்கடை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், உள்ளே நுழைந்தால் மரப்பட்டையும் மிளகும் கலந்த வாசனை, மேடம் ஃபூங்குக்கு ஐம்பது வயதிருக்கும், ரப்பர் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவர், தமயந்தி மலாயில் தயங்கித் தயங்கித் தொடங்கியபோது, காலக் காட்டு தங்கச்சி, வெக்கப்பட்டா மருந்து வேலை செய்யாது, என்றார், பார்த்தார், ம்ம் என்றார், கணுக்கணுவாய் நீண்ட ஒரு காய்ந்த புல்லை அள்ளினார், பக்கத்து இழுப்பறையிலிருந்து கறுத்த சின்னக் கிழங்குகளை அள்ளினார், தமயந்தி ஒன்றை எடுத்து மோந்து, இது கோரைக்கிழங்குல்ல, என்று வியந்தாள், ஒங்களுக்குக் கோரை, எங்களுக்கு சியாங் ஃபூ, அதுக்கு எந்தப் பேர் வெச்சாலும் கவலை இல்ல, என்று ஃபூங் சிரித்தார். சாயங்காலந்தோறும் கால் ஊறவேண்டும், ஊறியபின் கல்லால் தேய்க்கவேண்டும், இன்னொரு பொட்டலத்தில் இருந்த கசப்பு விதையை நசுக்கி மருவின் தலையில் மட்டும் துளி வைக்கவேண்டும். துளிதான், சரியா, அவசரப்பட்டு அப்பிக்காத, தோலு வெந்துடும்.

இப்படித்தான் இந்தத் தொட்டி வந்தது, நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று ஊரார் பிள்ளைகளை மிதக்கவைத்தவள் தன் கால்களைத் தண்ணீரில் போட்டுச் சும்மா உட்கார்ந்ததே இல்லை, இப்போது உட்கார்கிறாள், மழைச் சத்தம் குளத்துப் பிள்ளைகள் கால் உதைக்கும் சத்தமாகிறது, குளம் ஈயம் தோண்டிவிட்ட பழைய சுரங்கக் குட்டையாகிறது, ஒன்பது வயதில் அண்ணனோடு போட்டி போட்டுக் குதித்த அந்தப் பச்சைத் தண்ணீர், மூழ்கி எழுந்தால் கரையில் தொப்பியோடு குணாளன் நிற்கிறார், வாங்க என்று கூப்பிடுகிறாள், அவர் தலையை ஆட்டி மறுக்கிறார், தூங்கிட்டியா, தண்ணி ஆறிப்போச்சு, என்று அண்ணி தோளைத் தட்டுகிறாள்.

மரு சுருங்கத்தான் செய்தது, ஓரம் கறுத்தது, ஒன்று உதிர்ந்தும் போனது, ஆனால் கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது, துளி என்றதை விழுதாக்கி விரலடி முழுக்கப் பூசிக் கட்டுப்போட்டு வேலைக்குப் போனாள், மதியத்துக்குள் நெருப்பாய் எரிந்தது, கட்டைப் பிரித்தால் திராட்சைப் பழம்போலக் கொப்புளம், காலணி நுழையவில்லை, ரப்பர்ச் செருப்பில் நொண்டிக்கொண்டே ஃபூங் கடைக்கு ஓடினாள், கதவைத் தள்ளினால் உள்ளே முக்காலியில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, கையில் கறுப்புக் கஷாயக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவர் குணாளன். நடுமண்டை பளபளவென்றிருந்தது. அவர் அவசரமாகத் தொப்பியைத் தேடினார், அவள் அவசரமாகக் காலைப் பின்னுக்கு இழுத்தாள், இரண்டும் நடக்கவில்லை, அட, ரெண்டு பேருக்கும் தெரியுமா, இவருக்கு முடி, ஒனக்குக் கால், என்று ஃபூங் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டார். கல்யாணத்துக்குள்ள கொஞ்சமாச்சும் முளைச்சிரும்னு பாத்தேன், என்றார் குணாளன் கஷாயத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்குக் கால்ல மரு, ரொம்ப வருசமா, பாத்தா வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயம், என்றாள் தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டே. குணாளன் கிண்ணத்தைக் கீழே வைத்தார், காட்டுங்க, என்றார். அவள் மாட்டேன் என்றாள். நொண்டிக்கிட்டு நிக்கிறீங்களே, உக்காருங்க, காட்டுங்க. அவர் எழுந்த முக்காலியில் அவள் உட்கார்ந்தாள், அவர் தரையில் குந்தி, கிரீஸ் அழுக்கு ஏறிய விரல்களால் அந்தப் பாதத்தை ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கொப்புளத்தைத் தொடாமல் சுற்றிலும் பார்த்தார், லாரி டயரைப் பார்ப்பதுபோலத் தீவிரமாகப் பார்த்தார், டயர் இடுக்குல கல்லு மாட்டுன மாதிரிதான் இருக்கு, எடுத்துரலாம், எடுக்க வரலன்னா அப்படியே ஓடும், வண்டி நிக்காது, என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வலியோடு வந்தது, கண்ணீரோடு வந்தது, ஃபூங் களிம்போடு வந்து, துளின்னு சொன்னேனா இல்லையா, என்று அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

கல்யாணத்தன்று கொப்புளம் ஆறி இளஞ்சிவப்புத் தோல் வந்திருந்தது, மரு எல்லாம் போய்விடவில்லை, மேளம் உச்சத்தில் முழங்க அவர் குனிந்து பாதத்தை ஏந்தினார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, இன்னும் ரெண்டு கல்லுதான் பாக்கி, என்றார், கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் மணப்பெண் வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள், பின்னாலிருந்து அண்ணி கிள்ளுகிறாள், அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

அதன்பிறகு வேறு வேலைகள் வந்துவிட்டன, வீடு மாற்றியது, விடுமுறையில் லூமுட் கடலில் அவரை இடுப்பளவுத் தண்ணீருக்குள் இழுத்துப் போனது, அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கைகளில் மிதந்தது, தொப்பியில்லாத தலையில் வெயில் பட்டது, அங்கே ஒரு முடிகூடப் புதிதாக முளைக்கவில்லை, கஷாயத்தையும் அவர் எப்போதோ விட்டுவிட்டார். தீபாவளி முடிந்த ஒரு மாலை வேலையிலிருந்து வந்து, படியில் உட்கார்ந்து கால் கழுவும்போதுதான் தமயந்திக்கு உறைத்தது, அன்று முழுக்க வெறுங்காலோடு நடந்திருக்கிறாள், நேற்றும்கூட, அந்த ரப்பர் காலணி எங்கே கிடக்கிறதென்றே தெரியவில்லை. என்னங்க, கொஞ்சம் வாங்களேன், மரு இருக்கா பாருங்க, என்றாள். குணாளன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார், கைப்பேசி விளக்கைப் போட்டார், எந்தக் கால், என்றார். வலது, என்று சொன்னவள் நிறுத்தினாள், இல்ல, இடதோ, இருங்க, என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை, ஒங்களுக்கு ஞாபகமில்லையா, என்றாள், எனக்கு எப்படித் தெரியும், ஒன் காலு, என்றார் அவர், இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள், சரி, ரெண்டையும் குடு, என்று சொல்லிப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டச் சொட்ட ஈரமாயிருந்த இரண்டு பாதங்களையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.