ஓடைக்குக் கிழக்கே

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசல் வளைவில் என் தாத்தா பெயர் இருக்கிறது. 'நிலம் ஈந்தவர் தர்மன்' என்று. கொடுத்ததைத் திரும்ப எடுக்காத குடும்பம் என்று பென்னாகரம் வரைக்கும் எங்களுக்குப் பேச்சு உண்டு. அதனால்தான் மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்குப் பாராட்டு விழா என்றதும், பொன்னாடை போர்த்துபவர் என்று அழைப்பிதழில் என் பெயரைப் போட்டார்கள். பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து ஊர் வரலாற்றை ஆராய்ந்து எழுதும் போட்டி அது.

முந்தின நாள் காலை வரலாற்று ஆசிரியை நிர்மலாவும், பரிசு வாங்கிய கோகிலவாணியும் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு.

"மேடையில படிக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தோமுங்க," என்றார் ஆசிரியை.

"நல்ல சேதிதானே, சொல்லும்மா."

கோகிலவாணி ஒரு வரைபட நகலை விரித்தாள்.

"உங்க தாத்தா பத்திரத்துல 'ஓடைக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர்'னு இருக்குங்கய்யா. எழுதினது அம்பத்தொண்ணுல. அப்ப ஓடை பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கால ஓடியிருக்கு. அம்பத்துமூணுல வெள்ளம் வந்து மேற்கால தள்ளிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் கட்ட வந்தவங்க, புது ஓடையைப் பார்த்து அதுக்குக் கிழக்கால கட்டிட்டாங்க. பள்ளிக்கூடம் இருக்கிற இடம் உங்களுது இல்லீங்க. பதிவேட்டுல நஞ்சம்மாள்னு இருக்கு."

நஞ்சம்மாளை எனக்குத் தெரியும். ஆடு மேய்த்துப் பிழைத்த விதவை. இடத்தைப் பற்றி யாரும் அவளைக் கேட்டதாக நினைவில்லை. அவள் பேரன் மாது இன்றைக்கும் என் வயலோரம்தான் ஆடு ஓட்டிப் போகிறான்.

"அப்ப எங்க தாத்தா குடுத்த நிலம் எங்கே போச்சு?"

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். "பத்திரத்துல மூணாவது வரியில இருக்குங்க. உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குமே."

நான் எழுந்துவிட்டேன். "நாளைக்கு இதைப் படிக்கக் கூடாது."

"படிக்கலைன்னா பரிசையும் திருப்பிக் குடுத்துடணுமுங்க. இதுக்குத்தானே குடுத்தாங்க."

என் மனைவி பாஞ்சாலி டம்ளரை அவள் கையில் திணித்தாள். "காபியைக் குடிச்சிட்டுப் போ கண்ணு. அவரு கத்துவாரு, கடிக்க மாட்டாரு."

அவர்கள் போனதும் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெண் சொன்னது பொய் என்று காட்டிவிடலாம் என்ற எண்ணம். ஆயுத பூசைதோறும் அந்தப் பத்திரத்துக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுவோம். என் அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒரு தடவைகூடப் பிரித்துப் படித்ததில்லை.

மூன்றாவது வரியில் 'முனியப்பன் கல்லுக்குத் தெற்கே' என்று இருந்தது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் முனியப்பன் கல் கிடையாது. அது எங்கள் கேழ்வரகு வயலின் வடக்கு வரப்பில் நிற்கிறது. ஒவ்வொரு வருசமும் முதல் உழவுக்கு முன்னால் நான்தான் அங்கே தேங்காய் உடைக்கிறேன்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்றாள் பாஞ்சாலி. சொன்னேன். மூலையில் இருந்த கேழ்வரகு மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை வருசமா நாம தின்னது பள்ளிக்கூடத்துக் களியா?"



மறுநாள் கோகிலவாணி ஒரு வரி விடாமல் படித்தாள். வெள்ளம், ஓடை, நஞ்சம்மாள், முனியப்பன் கல். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் தலை குனியவில்லை. எழுந்து மேடையை விட்டு இறங்கினேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று தலைமை ஆசிரியர் பின்னாலேயே ஓடி வந்தார். நான் போனது வேலிக்கு வெளியே கோலோடு நின்ற மாதுவிடம்.

"வாப்பா மேடைக்கு."

"நான் எதுக்குங்க?"

"இந்த இடம் உங்க ஆயாவுது. பொன்னாடையை நீதான் போத்தணும்."

"ஆடு வயல்ல பூந்துடுமுங்க."

"யாரு வயல்ல? என் வயல்லதானே? பூரட்டும், வா."

மைக்கில் நான் அதிகம் பேசவில்லை. "எங்க தாத்தா குடுத்த நிலம் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரலை. கேழ்வரகு அறுத்ததும் வந்துடும். பிள்ளைங்க விளையாட வச்சுக்கோங்க. வளைவுல நஞ்சம்மாள் பேரை மேல எழுதுங்க. எங்க தாத்தா பேரு கீழ இருக்கட்டும். அதை அழிக்க மட்டும் விட மாட்டேன். அவரும் குடுத்தவர்தான்."

மாது கோகிலவாணிக்குப் பொன்னாடையைத் தலைகீழாகப் போர்த்தினான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இறங்கும்போது கோகிலவாணி பக்கத்தில் வந்தாள். "ஐயா, எழுதிக் குடுத்துடுங்க."

"என் வாக்கு போதாதா?"

"போதுமுங்க. உங்க தாத்தா வாக்கும் நல்ல வாக்குதானுங்களே."

அறுப்பு முடிந்த திங்கட்கிழமை பத்திரம் எழுதினோம். நான்கு எல்லைகளையும் சர்வே கல் எண்ணோடு நானே சொன்னேன். ஓடையைச் சேர்க்கவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.