கங்காணி வேலைக்கு ஆளில்லை

வேலப்பனைக் கங்காணி ஆக்கிவிட்டார்கள் என்ற செய்தி சரோஜாவுக்குப் புருஷன் வாயால் வரவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டுக் காளியம்மா சொல்லித்தான் தெரிந்தது. காளியம்மா தன் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நீ மொதல்ல புடிச்சுக்க. கங்காணி வூட்டம்மா காத்து நிக்கக் கூடாதுலா," என்றாள்.

சரோஜாவுக்குச் செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது. தண்ணீர் பிடிக்காமலே திரும்பி நடந்தாள்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் இடத்துக்குப் பினாங்கிலிருந்து வந்தவர் தமிழர். பொம்பளைகளை "அக்கா" என்று கூப்பிடுவார். மாரியம்மன் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிடுவார். நம்ம ஆள் வந்துவிட்டான் என்று கூலிக்காரர்கள் குடியிருந்த லயமே பூரித்துப்போனது. அந்த நம்ம ஆள்தான் பச்சைக் கொழுந்து பொங்கி வரும் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரன்கூடக் கை வைக்காத ஞாயிற்றுக்கிழமை.

அதை எதிர்த்து லயத்தை வேலைக்குப் போகாமல் நிறுத்தியவன் வேலப்பன். வீடுவீடாகப் போனான். கோயில் வாசலில் நின்று பேசினான். ஒரு கொழுந்துகூட ஃபேக்டரிக்குப் போகவில்லை. பட்டினி போட்டால் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று புதுத் துரை காத்திருந்தார். லயத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பின்னால் ஓடைச் சரிவில் ஆளாளுக்குக் கொத்திப் போட்ட காய்கறிப் பாத்தி இருந்தது. கோசும் பீன்ஸும் கடுகுக் கீரையும் ரிங்லெட் சந்தைக்கு லோரியில் போயின, அரிசி வந்தது. கடைசியில் துரைதான் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை உத்தரவு அப்படியே அமுங்கியது.

துரை புத்திசாலி. எங்கே தோற்றோம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அடுப்பு எரிகிறவரை இவர்கள் வாய் அடங்காது. அடுப்பை அணைக்க வேண்டுமென்றால் பாத்தியை அழிக்க வேண்டும். அதற்கு அவர் நேரில் போகக் கூடாது. லயத்து ஆள் ஒருவன் போக வேண்டும்.

வேலப்பனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். வேலப்பனின் அப்பன் அந்தப் பங்களாப் படியில் கால் வைத்ததற்கு அடி வாங்கியவர். நாற்காலியைப் பார்த்த வேலப்பனுக்கு அது மறந்துபோனது.

"எனக்குத் தெரியாம நடந்துச்சா, இல்ல எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" குழாயடியிலிருந்து திரும்பிய சரோஜா வாசலிலேயே நின்று கேட்டாள்.

வேலப்பன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "சொல்லத்தான் இருந்தேன். மேட்டுல தனி வூடு குடுக்குறாங்க, புள்ள. உள்ளயே கொழாய். நீ வரிசைல நிக்க வேணாம்."

"எதுக்குக் குடுக்குறான்?"

"உள்ள ஒரு ஆளு இருந்தாத்தான நம்ம சனத்துக்கு ஏதாச்சும் செய்ய முடியும்? வெளிய நின்னு கத்திக்கிட்டே இருந்தா ஆவுமா?"

"கங்காணி ஆன எவன் இதச் சொல்லாம ஆனான்? ஒன் அப்பன அடிச்ச கங்காணியும் நம்ம லயத்துலேர்ந்துதான் போனான். வெள்ளக்காரனா வந்து அடிச்சான்?"

வேலப்பன் பொத்தானைப் போட்டு முடித்தான். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனான். இரண்டு நாளில் தானாக வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். சரோஜா போகவில்லை.

அடுத்த வாரமே வேலப்பன் மண்வெட்டி பிடித்த ஃபேக்டரி ஆட்கள் சிலரோடு ஓடைச் சரிவுக்கு வந்தான். எஸ்டேட் நிலத்தில் இனிப் பயிர் கூடாது, இன்றைக்கே அழிக்க வேண்டும் என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. கூட்டம் கூடியது. காளியம்மா தன் பாத்திக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்து, அந்தக் கீரையை விற்றே பிள்ளைகளைக் கரையேற்றுகிறவள்.

சரோஜா முன்னே வந்ததும் வேலப்பன் அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "தொர நம்ம பாத்திய மட்டும் விட்றச் சொல்லிட்டாரு. நீ பேசாம இரு."

அதுவரை அவளுக்கு இருந்தது வருத்தம். அந்த ஒரு வார்த்தையில் உடம்பெல்லாம் தீப்பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். நேராகத் தன் பாத்திக்குப் போனாள். கோசு அப்போதுதான் உருண்டு கட்டத் தொடங்கியிருந்தது. தான் நட்டு, தான் தண்ணீர் ஊற்றிய கோசை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தாள். வேலப்பன், "ஏய், ஏய்," என்று பின்னாலேயே வந்தான். அவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. கை மட்டும் ஓயவில்லை.

பாத்தி வெறும் மண்ணானதும் நிமிர்ந்தாள்.

"பாத்துக்கங்க எல்லாரும். கங்காணி வூட்டுப் பாத்திய மட்டும் விட்றச் சொன்னானாம் தொர. இப்ப அது இல்ல. என் வூடும் ஒங்க வூடும் ஒண்ணுதான். இனி இவன் சொல்லி எவன் கைய ஓங்குறான்னு பாப்போம்."

ஃபேக்டரி ஆட்களில் வயதில் மூத்தவரான ராமையா, சாய்ந்து கிடந்த கோசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடையைத் தாண்டி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வேலப்பன் தனியாக நின்றான். அவன் கையில் கங்காணி விசில் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலப்பன் பேர் கூப்பிட்டான். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் அவன் எதிரேதான் நின்றார்கள். பேர் முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு, தாங்களாகவே தேயிலை நிரைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். வேலைநிறுத்தம் இல்லை. கொழுந்து எப்போதும்போல வந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் நன்றாகவே வந்தது. வேலப்பன் "இந்த நிரைக்கு வா" என்றால் காற்று பேசியதுபோல் காதில் வாங்காமல் இருந்தார்கள். விசில் ஊதினால் தலை திரும்பாது. கடையில் ஒதுங்கி வழி விட்டார்கள். வணக்கம் மட்டும் கிடையாது. மேட்டு வீட்டில் அவன் தானே உலை வைத்துத் தானே தின்றான்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. துரை லேண்ட்ரோவரில் வந்து பார்த்தார். கங்காணி ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, வேலை இன்னொரு பக்கம் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. கங்காணி இல்லாமலே நடக்கிற வேலைக்குக் கங்காணி எதற்கு? அது போகட்டும், பாத்தி அப்படியே இருக்கிறதே. நாற்காலி போட்டு உட்கார வைத்த அதே பங்களாவில், இந்தத் தடவை வேலப்பனைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தி வைத்தே, "நீ லாயக்கில்ல," என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு ராமையாவைக் கூப்பிட்டுக் கேட்டார். ராமையா தலையைச் சொறிந்துகொண்டு, வேண்டாம் துரை, உடம்பு சரியில்லை என்றார். சின்னக்கருப்பனைக் கேட்டார். அவன் பெண்சாதியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. தனி வீடும் உள்குழாயும் மேட்டில் பூட்டிக் கிடந்தன. எடுத்துக்கொள்ள ஆளில்லை. பாத்தி அழிக்கும் உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. அதை நிறைவேற்ற ஒருத்தன் வேண்டுமே, அவன் கிடைக்கவில்லை.

வேலை பறிபோன அன்றைக்கே வேலப்பன் மத்தியானம் போல லயத்துக்கு வந்தான். வாசலில் தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றான். முகம் கறுத்து, ஆள் இளைத்திருந்தான்.

"அவன் என்னைய ஏமாத்திட்டான், புள்ள."

"அவன் எங்க ஏமாத்துனான்? ஒரு வேலைக்கு ஒன்னைய எடுத்தான். அந்த வேல ஒன்னால ஆவல, தூக்கிப் போட்டான். ஏமாந்தது இந்த லயம். நீ நில்லுன்னு சொன்னதும் நின்னுச்சே, அந்தச் சனம்."

"தப்புத்தான்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? கீரப் பாத்திக்குக் குறுக்க ஒக்காந்தாளே, அவகிட்டப் போய்ச் சொல்லு. அப்பறம் ஒவ்வொரு கதவா போ. அன்னிக்கு ஆள் சேக்கப் போனேல்ல, அதே கதவுதான்."

"போனா வாசல்ல சேப்பாங்களா?"

"சேக்காட்டியும் நில்லு."

அவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காளியம்மா வீட்டுப் பக்கம் நடந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. காளியம்மா என்ன சொல்கிறாள் என்று காது கொடுக்க சரோஜாவுக்கு விருப்பமில்லை. அது அவர்கள் இருவருக்குள் தீர வேண்டிய கணக்கு. தன் கோபம் இன்றைக்கோ நாளைக்கோ ஆறுகிற கோபமில்லை என்று அவளுக்குத் தெரியும். பெட்டியை உள்ளே எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை, எட்டி உதைக்கவும் வரவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் மண்ணாகக் கிடந்த பாத்தியைக் கொத்தப் போனாள். தூற்றல் பிடிப்பதற்குள் நாற்று ஊன்றிவிட வேண்டும்.