முன் இருக்கைக்காரர்

அந்த இரட்டை இறக்கை விமானத்தில் பின் இருக்கையில் ஓட்டுகிறவர் மட்டும் ஏறிப் பறந்தாலும் தரையில் விழுந்த நிழலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அதில் தபால் ஏற்றிப் பறந்த முதல் சொந்தக்காரர் காய்ச்சலில் படுத்து, வீட்டுக் கட்டிலிலேயே இறந்துபோன மறுமாதத்திலிருந்து இப்படி. அவர் மனைவி தையல்காரி. இறக்கைகளுக்குத் துணி இழுத்துத் தைத்ததெல்லாம் அவள்தான். அவளிடமிருந்து விமானத்தை வாங்கியவர் வயல்களுக்கு மருந்து தெளிப்பவர். பருத்திக் காட்டின் மேல் தாழப் பறந்த முதல் நாளே நிழலைப் பார்த்துவிட்டு, நேராக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னும் இறங்கல."

"அவர் எப்பவும் அப்படித்தான். சாப்பிடறதுக்கே நாலு தடவை கூப்பிடணும்" என்றாள். உள்ளே போய் அழுதுவிட்டு, ஊசி நூலை எடுத்துக்கொண்டு அவரோடு விமானக் கொட்டகைக்குக் கிளம்பினாள்.

தெளிப்பவர் பதினோரு வருஷம் பறந்தார். மருந்து பட்டு இறக்கைத் துணி இற்றுப்போகும். அவள் உரித்துப் போட்டுப் புதிது தைப்பாள். சாயங்கால வெயிலில் கொட்டகைச் சுவரில் நிழல் விழும்போது மட்டும் கை நின்றுவிடும். வருஷம் போகப் போக முன் இருக்கை நிழலுக்கும் கூன் விழுந்தது, தாடை தொங்கியது. அவளுக்கும் ஊசியில் நூல் கோக்க நேரம் பிடித்தது.

தெளிப்பவருக்கு நுரையீரல் கெட்டபின் விமானம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் ஒரு சவாரிக்காரர் கைக்குப் போனது. முன் இருக்கையில் ஏறியவர்களெல்லாம் யாரோ மடியில் உட்கார்ந்த மாதிரி கூசிப்போய் இறங்கினார்கள். புதுமணப்பெண் ஒருத்தி மன்னிப்பே கேட்டாள். சவாரிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தையல்காரியிடம் வந்தார்.

"நீங்க சொன்னா கேப்பாரும்மா. இறக்கி விட்டுடுங்க. இல்லன்னா இதைப் பிரிச்சு விக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட மேலே போனதில்லை. கணவர் கூப்பிட்டபோதெல்லாம் துணி ஊறப்போட்டிருக்கிறது என்று தட்டிக் கழித்திருந்தாள். அன்று முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். ஆற்றைச் சுற்றி இருபது நிமிஷம். காற்றிரைச்சலில் அவள் பேசியது எதுவும் பின்னால் இருந்தவருக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. சிரிப்பா அழுகையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இறங்கி நடந்தவளின் காலடியில் நிழல் இல்லை. விமானத்தின் நிழலில், முன் இருக்கையில் இரண்டு தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"என்னம்மா, இறங்கலையா?"

"இத்தனை நாள் தனியா இருந்துட்டேன்னு சொன்னார். நான் எந்த வாயால இறங்கச் சொல்றது?"

சவாரிக்காரர் தலையைச் சொறிந்தார். விமானத்தை அவர் பிரிக்கவில்லை. சவாரியை விட்டுவிட்டு, வாலில் விளம்பரத் துணி கட்டி இழுக்கும் வேலைக்கு அதைத் திருப்பினார். அதற்கு ஓட்டுகிறவர் மட்டும் போதும். துணிகளை அவள் தைத்தாள். முதல் தடவை கிளம்பும் முன்பு தச்சரை வரவழைத்து, முன் இருக்கையை நாலு விரற்கடை அகலமாக்கச் சொன்னார். வயசானவங்க ரெண்டு பேர் எவ்வளவு நேரம்தான் ஒடுங்கி உட்காருவாங்க என்றார். தச்சர் அது சரிதான் என்று அளவெடுத்துக்கொண்டார்.